கொச்சிக்காய்த்தூளும் பூனையின் இதயமும்

இந்த மாதம் என் மிருக வைத்தியசாலைக்கு வந்த நாலாவது பூனை இது. வெள்ளவத்தையில் யாரோ பூச்சாடி மண்ணில் கொச்சிக்காய்த்தூளைத் தூவியிருக்கிறார்கள். பூனை கிண்டாமல் இருக்கவாம். கண் வீங்கி, எச்சில் வடிய ஓட்டோவில் கொண்டுவந்தார்கள். இதயத் துடிப்பு நிமிடத்துக்கு 240.

"கத்தவே இல்லை டொக்டர், ஓட்டோப் பயத்திலதான் இதயம் அடிக்குது" என்றார் வளர்ப்பவர்.

கத்தாவிட்டால் நோ இல்லையா? பூனை நோவை மறைக்கிற பிராணி. காது வெளிப்பக்கம் சரியும், கண் இடுங்கும், தலை தோளுக்குக் கீழே இறங்கும், கட்டிலுக்கடியில் பதுங்கும், சாப்பாட்டைத் தொடாது. அலறல் வரும் வரை காத்திருந்தால் காத்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

இன்னொன்று. நோ நரம்பை மூளைக்குச் செய்தி அனுப்பும் ஒருவழிக் கம்பி என்றே பலர் நினைக்கிறார்கள். ஆனால் எரிச்சல் பட்டதும் அதே நரம்பின் நுனி பெப்டைட்டுகளை, அதாவது அமினோ அமிலங்கள் கோத்த சிறு சங்கிலிகளை, கசிய விடும். 1931இல் கண்டுபிடித்த சப்ஸ்டன்ஸ் பி ஒன்று, 37 அமினோ அமிலங்கள் கொண்ட சீ.ஜீ.ஆர்.பி. இன்னொன்று. அந்தக் கண் வீக்கத்தில் இவற்றுக்கும் பங்குண்டு.

இதயத்திலும் இதே வகை நரம்புகள் ஓடுகின்றன. கினிப்பன்றியின் இதய மேலறையைத் தனியே எடுத்து, கொச்சிக்காயின் காரச்சத்தான கப்சைசினை விட்டால் துடிப்பு கூடுகிறது. அங்கே மூளையும் இல்லை, ஓட்டோவும் இல்லை. நரம்பு நுனி விடுகிற சீ.ஜீ.ஆர்.பி. செய்கிற வேலை அது. திரும்ப விட்டால் பெரிதாக அசையாது, நரம்பு மரத்துவிடும். (உயிருள்ள மிருகத்தின் இரத்தத்தில் கப்சைசினை நேரே ஏற்றினால் துடிப்பு குறைவதும் உண்டு, அது நுரையீரல் நரம்புகளின் விளையாட்டு.)

இதற்காக, சாடித் தூள் இதயம் வரை போய்விட்டது என்று பயப்பட வேண்டாம். இந்தப் பூனையில் வேகத்தைக் கூட்டியது பெரும்பாலும் நோவும் அது கிளப்பிய அட்ரினலினும்தான். நோவுக்கு ஊசி போட்டு அரை மணி நேரத்தில் 180க்கு இறங்கியது. ஓட்டோப் பயம் ஊசிக்கு இறங்குமா, சொல்லுங்கள்.

சரி, தூள் பட்டுவிட்டால் கண்ணைச் சுத்தமான தண்ணீரால் பத்துப் பதினைந்து நிமிடம் கழுவுங்கள். உரோமத்துக்குத் தண்ணீர் மட்டும் போதாது, காரம் எண்ணெயில்தான் கரையும். பாத்திரம் கழுவும் திரவம் கொஞ்சம் சேருங்கள். நக்க விடாதீர்கள். பிறகு நேரே எங்களிடம் வாருங்கள். பூனைக்குப் பரசிட்டமோல் அரைக் குளிசைகூடக் கொடுக்கக் கூடாது, உயிர் போய்விடும். கிழட்டு நாயின் முழங்காலில் உங்கள் மூட்டு நோவுக்கான கப்சைசின் பூச்சைத் தேய்ப்பவர்களே, அது நக்காமல் விடுமா?

பூச்சாடிக்காரரிடம் ஒரு கெஞ்சல்: மண்மேல் பெரிய கூழாங்கல்லாகப் பரப்பிவிடுங்கள். பூனைக்குக் கிண்ட இடம் இருக்காது.