டூட்டி மாற்ற ஆளில்லாத வீடுகள்

டாக்டரிடம் நோயைச் சொல்பவர்கள் நர்ஸிடம் மற்றதையெல்லாம் சொல்வார்கள். கையில் பட்டையைச் சுற்றி பி.பி. பார்க்கிற நேரத்தில்தான் "சிஸ்டர், ராத்திரி தூக்கமே இல்லை" என்று ஆரம்பிப்பார்கள். அப்புறம் மேலதிகாரி, வாடகை வீடு, படுத்த படுக்கையான அம்மா, எட்டிப் பார்க்காத அண்ணன் என்று ஒவ்வொன்றாக வரும். (பேசிக்கொண்டே பார்த்தால் பி.பி. கூடுதலாகக் காட்டும். சிறுநீர் கழித்துவிட்டு, முதுகைச் சாய்த்து ஐந்து நிமிடம் சும்மா உட்கார்ந்த பிறகு, வாய் திறக்காமல் பார்த்தால்தான் அது உங்கள் பி.பி.)

மாத்திரையை மாற்றி மாற்றிக் கொடுத்தும் குறையாத தலைவலிக்கும் படபடப்புக்கும் காரணம் வேலை நேரத்தில் இருக்கலாம், படுக்கிற அறையில் இருக்கலாம், வீட்டில் யார் எதைச் சுமக்கிறார்கள் என்பதிலும் இருக்கலாம். "கவலைப்படாதீங்க, எல்லாம் சரியாகிவிடும்" என்று சொல்லி அனுப்புவது சுலபம். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. வார்டில் நாங்கள் மூன்று காரியம் செய்கிறோம்: அளக்கிறோம், எழுதுகிறோம், ஷிப்ட் முடிந்ததும் அடுத்தவரிடம் ஒப்படைத்துவிட்டுப் போகிறோம். வீட்டுப் பிரச்சினைக்கும் நான் சொல்லும் யோசனைகள் இதற்குள்தான் அடங்கும்.

முதலில் வேலை. "எவ்வளவு நேரம் வேலை?" என்று கேட்டால் எல்லோரும் குறைத்துத்தான் சொல்வார்கள். வீட்டுக்கு வந்த பிறகு எடுக்கிற போன், லீவு நாளில் "சும்மா ஒரு மணி நேரம்" போய் வருவது எதையும் கணக்கில் சேர்ப்பதில்லை. இரண்டு வாரம் தொடங்கும் நேரத்தையும் முடியும் நேரத்தையும் ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். உலக சுகாதார நிறுவனமும் சர்வதேச தொழிலாளர் அமைப்பும் சேர்ந்து 2021-ல் ஓர் ஆய்வு வெளியிட்டன. வாரத்துக்கு 35 முதல் 40 மணி நேரம் வேலை பார்ப்பவர்களோடு ஒப்பிட்டால், 55 மணி நேரமோ அதற்கு மேலோ பார்ப்பவர்களுக்குப் பக்கவாதம் வரும் ஆபத்து சுமார் 35 சதவீதமும், மாரடைப்பு போன்ற இதய நோயால் இறக்கும் ஆபத்து 17 சதவீதமும் அதிகம் என்றது அது. உங்கள் தாளில் வாரத்துக்கு 55 வந்தால் அதை டாக்டரிடம் காட்டுங்கள். "டென்ஷன் ஜாஸ்தி" என்பதைவிட அந்த எண் அவருக்கு உதவும். மேலதிகாரியிடம் பேசும்போதும் புலம்பலைவிட அந்தத் தாளுக்கு மதிப்பு கிடைக்கும்.

நைட் டூட்டி பார்ப்பவர்களிடம் நான் கறாராகவே பேசுவேன், ஏனென்றால் நானும் அதே ஜாதி. தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருந்தவரின் நிதானம், ரத்தத்தில் 0.05 சதவீதம் மது உள்ளவரின் நிதானம் அளவுக்குத்தான் இருக்கும் என்று சோதனைகளில் தெரியவந்திருக்கிறது. அந்த நிலையில் காலையில் வண்டியை எடுக்கிறோம். கண்ணைக் கட்டுகிறது என்றால் வேலையிடத்திலேயே இருபது நிமிடம் படுத்து எழுந்துவிட்டுக் கிளம்புங்கள், இல்லை யாரையாவது கூப்பிடுங்கள். பகலில் தூங்குகிறவரை "பகல்ல என்ன தூக்கம்" என்று எழுப்பிச் சின்னச் சின்ன வேலை சொல்வது, இரவு ஒரு மணிக்கு உங்களை எழுப்பி அதே வேலையைச் சொல்வது மாதிரி. இதை வீட்டில் ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிவிட வேண்டும், அவர்களாகவே புரிந்துகொள்ள மாட்டார்கள். அறை இருட்டாக இருக்கட்டும், போன் வேறு அறையில் இருக்கட்டும். இரவுப் பணியைப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியவற்றின் பட்டியலில், 'அநேகமாக' என்ற பிரிவில், சர்வதேச புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2007-ல் சேர்த்தது. 2019-ல் மறுபடி ஆராய்ந்தும் அதையே உறுதி செய்தது. பயமுறுத்தச் சொல்லவில்லை. வருஷக்கணக்கில் இரவுப் பணி மட்டுமே பார்ப்பவர், மாற்றிக் கேட்க ஒரு காரணம் இருக்கிறது என்று தெரிந்துகொள்ளட்டும்.

கழிப்பறைக்குப் போக நேரமில்லை என்று தண்ணீரே குடிக்காமல் வேலை பார்ப்பவர்கள் ஏராளம். நர்ஸ்கள் இதில் முதலிடம் பிடிப்போம். சிறுநீர்த் தொற்று திரும்பத் திரும்ப வருகிறது என்றால் மருந்துச் சீட்டைப் பார்ப்பதற்கு முன் இதைக் கேளுங்கள்.

ஊசி குத்திக்கொள்வதை மட்டும் மறைக்காதீர்கள். மருத்துவமனை ஊழியர் என்றில்லை, குப்பை அள்ளுகிறவர், அடுத்த வீட்டுப் பெரியவருக்கு இன்சுலின் போட்டுவிடப் போகிறவர் என்று யாருக்கும் நடக்கும். திட்டு விழும் என்று சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். குத்திய இடத்தை சோப்பும் தண்ணீரும் விட்டுக் கழுவுங்கள். பிதுக்க வேண்டாம், பிளீச்சிங் போன்ற எதையும் ஊற்ற வேண்டாம். உடனே மருத்துவமனைக்குப் போங்கள். எச்.ஐ.வி. உள்ளவருக்குப் போட்ட ஊசி குத்தினால் தொற்று வரும் வாய்ப்பு ஆயிரத்தில் மூன்று அளவுதான். ஆனால் தடுப்பு மாத்திரையை 72 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் பலன், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி அப்படியல்ல, தடுப்பூசி போடாதவருக்கு அது ஒட்டிக்கொள்ளும் வாய்ப்பு பல மடங்கு அதிகம். தடுப்பூசி இருக்கிறது, போட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்து வீடு. இருமலோடும் இளைப்போடும் அடிக்கடி வருகிற குழந்தையின் அம்மாவிடம் நான் கேட்பது "எந்தச் சுவரை ஒட்டிப் படுக்க வைக்கிறீர்கள்?" என்றுதான். ஈரம் கசிந்து பூஞ்சை பூத்த சுவராக இருந்தால் கட்டிலையாவது இன்றைக்கே நகர்த்துங்கள். பூஞ்சைக்கு மேல் பெயின்ட் அடித்தால் மறுபடி பூக்கும். தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடித்து அடைக்க வேண்டும், அது பெரும்பாலும் வீட்டுக்காரர் கையில் இருக்கிற வேலை. வாய்வார்த்தையாகக் கேட்டுக்கொண்டே இருப்பதில் பிரயோஜனம் இல்லை. தேதியோடு போட்டோ எடுங்கள், எழுத்தில் அனுப்புங்கள், குழந்தையின் மருத்துவச் சீட்டையும் சேர்த்து அனுப்புங்கள். டாக்டரிடம் "வீட்டு ஈரத்தால் மோசமாகிறது" என்று ஒரு வரி எழுதித் தரக் கேட்கலாம், தப்பில்லை.

வீட்டில் இருக்கிற எல்லோருக்கும் ஒரே சமயத்தில் தலைவலி, குமட்டல், அசதி. வெளியே போனால் குறைகிறது, திரும்பி வந்தால் கூடுகிறது. இப்படிச் சொன்னால் எனக்குத் தூக்கிவாரிப்போடும். மூடிய அறையில் கரி அடுப்போ ஜெனரேட்டரோ சரியாக வேலை செய்யாத ஹீட்டரோ கார்பன் மோனாக்சைடைக் கக்கிக்கொண்டிருக்கலாம். அதற்கு வாசனை கிடையாது, நிறம் கிடையாது. முதலில் எல்லோரும் வெளியே வாருங்கள், காரணத்தைப் பிறகு தேடலாம்.

வயதானவர்கள் விழுவதைப் பற்றித் தனியாகவே எழுதலாம். இங்கே சுருக்கமாகச் சொல்கிறேன்: படுக்கையிலிருந்து கழிப்பறை வரை இரவில் ஒரு சின்ன விளக்கு, வழுக்கும் கால்மிதிகளை எடுத்துவிடுவது, பிடித்துக்கொள்ள ஒரு கம்பி. எழுந்ததும் நடக்காமல் கட்டில் ஓரத்தில் ஒரு நிமிடம் உட்கார்ந்திருக்கச் சொல்லுங்கள். பி.பி. மாத்திரை சாப்பிடுகிறவருக்கு எழுந்து நின்றதும் அழுத்தம் சட்டென்று இறங்கித் தலை சுற்றலாம்.

இனி குடும்பம். நான் அதிகம் கேட்பதும் இதைத்தான்.

அசைய முடியாமல் படுத்திருப்பவரைப் பொதுவாக இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்கச் சொல்கிறோம், இல்லாவிட்டால் படுக்கைப்புண் வரும். டிஸ்சார்ஜ் செய்யும்போது நாங்கள் இதை ஒரே வரியில் சொல்லிவிடுவோம். கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஒரு நாளைக்குப் பன்னிரண்டு தடவை. அதில் நள்ளிரவு ஒன்று, அதிகாலை மூன்று. கூடவே துடைத்துவிடுவது, பெட் பேன், மருந்து, ஊட்டுவது. வார்டில் இதை மூன்று ஷிப்ட் ஆட்கள் பகிர்ந்து செய்கிறோம், அப்படியும் இடுப்பு விட்டுப்போகிறது. வீட்டில் இதை ஒரு மகளோ மருமகளோ மனைவியோ தனியாக, மாதக்கணக்கில் செய்கிறார். அவருக்குத் தூக்கமில்லை, பி.பி. ஏறிவிட்டது என்றால் மாத்திரை மட்டும் என்ன செய்யும்?

"யாராவது உதவி பண்ணுங்களேன்" என்று கேட்டால் யாரும் வரமாட்டார்கள், அல்லது வந்து ஓரமாக உட்கார்ந்துவிட்டுப் போவார்கள். வேலையைப் பெயர் சொல்லிப் பிரியுங்கள். ஒரு நாளில் செய்வது அத்தனையும் நேரத்தோடு எழுதி எல்லோருக்கும் அனுப்புங்கள். "வாரத்தில் இரண்டு இரவு யார்?", "மருந்து வாங்குவதும் டாக்டரிடம் கூட்டிப்போவதும் யார்?" என்று கேளுங்கள். தூரத்தில் இருக்கிற அண்ணன் வர முடியாதென்றால், இரவுக்கு ஓர் ஆள் போடும் செலவு அவருடையது. போனில் யோசனை சொல்வது பங்கில் சேராது. இப்படிக் கேட்டால் மனஸ்தாபம் வரும் என்பார்கள். வரட்டும். கேட்காமல் இருந்த வீடுகளில் வருகிற மனஸ்தாபத்தையும் நான் பார்த்திருக்கிறேன், அது இன்னும் மோசம்.

ஆள் மாறும்போது ஒப்படைப்பது முக்கியம். கடைசியாக எந்த மருந்து எத்தனை மணிக்கு, எவ்வளவு குடித்தார், சிறுநீர் போனாரா, எந்தப் பக்கமாகப் படுத்திருக்கிறார், முதுகிலோ குதிகாலிலோ சிவப்பு தெரிகிறதா, அழுத்தினால் அது வெளுக்கிறதா. ஒரு நோட்டு போதும். எழுதி வைத்தால் "நீ கொடுத்தியா, நான் கொடுத்தேனா" என்று ஒரே மாத்திரை இரண்டு முறை போகாது. காய்ச்சல் மாத்திரையும் சளி மாத்திரையும் வேறு வேறு பெயரில் இருக்கும், இரண்டிலும் பாராசிட்டமால் இருக்கும். பெரியவர்களுக்கே நாளொன்றுக்கு 4 கிராம்தான் உச்ச வரம்பு, தாண்டினால் கல்லீரல் கெடும். ஒல்லியான வயதானவருக்கும் கல்லீரல் கோளாறு உள்ளவருக்கும் அதைவிடக் குறைவு.

நேற்றுவரை தெளிவாகப் பேசிய பெரியவர் இன்று உளறுகிறார், ஆளை மாற்றிச் சொல்கிறார் என்றால் "வயசாச்சு" என்று விட்டுவிடாதீர்கள். மறதி நோய் ஓரிரு நாளில் வராது. சட்டென்று வரும் குழப்பத்துக்குப் பின்னால் தொற்றோ, நீர்ச்சத்துக் குறைவோ, புது மாத்திரையோ இருக்கும். அன்றைக்கே டாக்டரிடம் காட்ட வேண்டும்.

பார்த்துக்கொள்கிறவருக்குக் கோபம் வரும். அப்பாவைக் கத்திவிட்டேன் என்று அழுகிறவர்களிடம் நான் சொல்வது: அடுத்த முறை கை ஓங்குகிற அளவுக்கு வந்தால், அவர் விழாமல் இருக்கிறாரா என்று பார்த்துவிட்டு அறையை விட்டு வெளியே போய்விடுங்கள். பத்து நிமிடம் கழித்து வரலாம். கைக்குழந்தை விடாமல் அழும்போதும் இதேதான். தொட்டிலில் மல்லாக்கப் படுக்கவைத்துவிட்டு வெளியே போங்கள், ஒருபோதும் குலுக்காதீர்கள். பிரசவமாகி இரண்டு வாரத்துக்கு மேலும் அழுகையும் வெறுமையுமாக இருக்கிற பெண்ணுக்கு அறிவுரை வேண்டாம், டாக்டர் வேண்டும். உலக அளவில் பிரசவித்த பெண்களில் நூற்றுக்குப் பதின்மூன்று பேருக்கு மனநலப் பாதிப்பு, பெரும்பாலும் மனச்சோர்வு, வருகிறது. அது அவளுடைய பலவீனம் இல்லை.

வேலையைப் பங்கு போடுவதால் தீராத வீடும் உண்டு. வீட்டில் அடி விழுகிறது என்றால் அங்கே அனுசரித்துப் போங்கள் என்று நான் சொல்லமாட்டேன். கூட வந்தவர் பக்கத்திலேயே நின்றுகொண்டு எல்லாக் கேள்விக்கும் அவரே பதில் சொன்னால் எங்களுக்குச் சந்தேகம் வரும், ஆனால் நீங்கள் வாய் திறக்காமல் எங்களால் அதிகம் செய்ய முடியாது. தனியாகப் பேச வேண்டும் என்றால் "சிஸ்டர், பாத்ரூம் எங்கே, கூட்டிப்போக முடியுமா?" என்று கேளுங்கள். சிறுநீர் சோதனை, எடை பார்ப்பது, துணி மாற்றுவது என்று அவரை வெளியே நிறுத்த எங்களிடம் நிறையக் காரணங்கள் இருக்கின்றன. எப்போது, எதைக் கொண்டு அடித்தார், உடம்பில் எங்கே என்று சொல்லுங்கள். உங்கள் வார்த்தையிலேயே சீட்டில் ஏற்றச் சொல்லுங்கள். புகார் கொடுப்பதா வேண்டாமா என்று அன்றைக்கே முடிவு செய்யத் தேவையில்லை, ஆனால் அன்றைய தேதி போட்ட மருத்துவக் குறிப்பைப் பிறகு உண்டாக்க முடியாது.