நேத்து வரைக்கும் நல்லாத்தான் இருந்துச்சு, டாக்டர்

தளர்ந்துபோன ஒரு நாயையோ பூனையையோ பரிசோதனை மேசையில் கிடத்திவிட்டு, வளர்த்தவர்கள் சொல்லும் முதல் வார்த்தை பெரும்பாலும் இதுதான். அவர்கள் பொய் சொல்வதில்லை. அவர்கள் கண்ணுக்கு அப்படித்தான் தெரிந்திருக்கிறது. உட்காரவைத்து நான்கு கேள்வி கேட்டால் ஒவ்வொன்றாக நினைவுக்கு வரும். “ரெண்டு வாரமா தண்ணி நிறையக் குடிச்சுது.” “படி ஏறத் தயங்குச்சு, வயசாயிடுச்சுன்னு நினைச்சோம்.” “கட்டிலுக்கு அடியிலேயே படுத்திருந்துச்சு, தூங்குதுன்னு விட்டுட்டோம்.” அந்த உயிர் தன்னால் முடிந்த வழியிலெல்லாம் சொல்லிக்கொண்டுதான் இருந்திருக்கிறது.

நாயும் பூனையும் வலியை மறைக்கப் பழகிய விலங்குகள். பூனை இன்னும் அழுத்தமானது. எலிக்கு அது வேட்டைக்காரன். தன்னைவிடப் பெரிய விலங்குக்கு இரை. காட்டில் பலவீனத்தைக் காட்டினால் உயிர் போகும் என்ற பயம் இன்றும் அதன் உடம்பில் இருக்கிறது. அதனால் வலிக்கும்போது பூனை கத்தாது, ஒதுங்கும். உடம்பை நக்கிச் சுத்தம் செய்வதை நிறுத்தும். முதுகு முடி திரிதிரியாகச் சேரும். எப்போதும் தாவி ஏறும் அலமாரியை அண்ணாந்து பார்த்துவிட்டுத் திரும்பிவிடும். ‘குர்ர்’ என்று மெல்ல உறுமிக்கொண்டே மடியில் கிடக்கிறதே, வலி இருக்குமா என்று கேட்பார்கள். கடும் வலியிலும் பூனை அப்படி உறுமும். கால் எலும்பு முறிந்த நாய் என்னைப் பார்த்து வாலாட்டியதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன்.

ஆகவே நோயின் பட்டியலை மனப்பாடம் செய்வதைவிட, உங்கள் விலங்கு நலமாக இருக்கும்போது எப்படி இருக்கிறது என்று தெரிந்துவைத்திருங்கள். அது ஆழ்ந்து தூங்கும்போது விலா ஏறி இறங்குவதை ஒரு நிமிடம் எண்ணுங்கள். ஏறி இறங்கினால் ஒரு மூச்சு. நிமிடத்துக்கு 30-ஐத் தாண்டக் கூடாது. உதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்கள். இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும்; சில விலங்குகளுக்கு இயல்பாகவே கறுப்புத் திட்டு இருக்கும். விரலால் அழுத்தி எடுத்தால் வெளுத்த இடம் இரண்டு விநாடிக்குள் பழைய நிறத்துக்கு வர வேண்டும். உடல் வெப்பம் ஏறத்தாழ 100.5 முதல் 102.5 டிகிரி பாரன்ஹீட். நம் கைக்கு அது சூடாகத்தான் தெரியும், காய்ச்சல் என்று பதற வேண்டாம். மூக்கு ஈரமாக இருக்கிறதா காய்ந்திருக்கிறதா என்பதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது.

மாதம் ஒரு முறை எடை பாருங்கள். நான்கு கிலோ பூனை 400 கிராம் இளைப்பது, 60 கிலோ மனிதர் ஆறு கிலோ இளைப்பதற்குச் சமம். அந்த மனிதரை வீட்டில் எல்லோரும் கேள்வி கேட்பார்கள். பூனையின் முடிக்குள் அது யார் கண்ணிலும் படாது.

காத்திருக்கவே கூடாத ஒரு நிலையை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆண் பூனை மணல் தட்டுக்குப் போகிறது, குந்துகிறது, முக்குகிறது, ஒன்றும் வரவில்லை. திரும்பத் திரும்பப் போகிறது. பார்ப்பவர்கள் மலச்சிக்கல் என்று நினைத்து எண்ணெய் புகட்டுகிறார்கள். பெரும்பாலும் அடைபட்டிருப்பது சிறுநீர்ப் பாதை. ஆண் பூனைக்கு அந்தக் குழாய் மிகக் குறுகல்; நுண்ணிய படிகமும் சளியும் சேர்ந்தாலே தக்கைபோல அடைத்துவிடும். வெளியேற வேண்டிய பொட்டாசியம் ரத்தத்தில் ஏறி இதயத் துடிப்பைக் குலைக்கும். ஓரிரு நாளில் உயிர் போகலாம். இப்படி வந்த ஒரு பூனையின் வயிற்றில் கை வைத்தபோது சிறுநீர்ப்பை கல்லாக இறுகியிருந்தது. முந்தைய நாள் காலையே பார்த்துவிட்டார்கள், விடுமுறை என்பதால் தள்ளிப்போட்டிருக்கிறார்கள். குழாய் போடுவதற்குள் இதயம் நின்றுவிட்டது. சரியான நேரத்தில் வந்திருந்தால் பிழைத்திருக்கக் கூடிய பூனை அது. ஆண் பூனை வளர்க்கும் ஒவ்வொருவருக்கும் இதைச் சொல்லாமல் நான் அனுப்புவதில்லை.

பூனை வாயைத் திறந்து மூச்சு வாங்கினாலும் அதே அவசரம். பெரிய நாய் வாந்தியெடுக்க முயன்று, நுரை மட்டும் வந்து, வயிறு உப்பிக்கொண்டே போனால் இரைப்பை முறுக்கியிருக்கலாம். அங்கே நாள் கணக்குக் கிடையாது, மணிக் கணக்குத்தான். பருத்த பூனை இரண்டு மூன்று நாள் ஒன்றும் தின்னாவிட்டால் ஈரலில் கொழுப்பு தேங்கி அதுவே தனி நோயாகிவிடும். “பசிச்சாத் தானாத் தின்னும்” என்று பூனையிடம் பிடிவாதம் காட்டாதீர்கள்.

அடுத்தது நம் வீட்டு மருந்துப் பெட்டி. என் அனுபவத்தில் மிகுந்த வேதனை தருவது இதுதான், ஏனென்றால் இங்கே தீங்கு செய்வது அன்பு. பூனைக்கு உடம்பு சுடுகிறது என்று பாராசிட்டமால் கொடுத்துவிடுகிறார்கள். அந்த மருந்தைப் பாதுகாப்பாகச் சிதைத்து வெளியேற்றத் தேவையான நொதிச் செயல் பூனையின் ஈரலில் மிகக் குறைவு. மருந்து நஞ்சாகி, சிவப்பணுக்கள் ஆக்சிஜன் சுமக்கும் திறனை இழக்கின்றன. ஈறு பழுப்பாகும், முகமும் பாதமும் வீங்கும், மூச்சு முட்டும். 500 மில்லிகிராம் மாத்திரை ஒன்றே ஒரு பூனையைக் கொல்லப் போதும். “குழந்தைங்களுக்குக் கொடுக்கற சிரப்தானே” என்பார்கள். அந்தச் சிரப்பில் இருப்பதும் அதே பாராசிட்டமால்தான். நாய்க்கு இபுப்ரோஃபென் கொடுத்து, இரைப்பை புண்ணாகிக் கறுப்பாக மலம் போன நிலையில் தூக்கி வருகிறவர்களும் உண்டு.

நாய்க்கு உண்ணி போகக் கழுத்தில் விடும் சொட்டு மருந்து சிலவற்றில் பெர்மெத்ரின் இருக்கும். அது பூனைக்குக் கடும் நஞ்சு. நடுக்கத்தில் தொடங்கி வலிப்பில் முடியும். இரண்டையும் ஒரே வீட்டில் வளர்ப்பவர்கள் மருந்துப் பெட்டியில் எந்த விலங்கின் படம் போட்டிருக்கிறது என்று பார்த்துவிட்டே வாங்குங்கள்.

சாக்லேட், வெங்காயம், பூண்டு, திராட்சை, உலர்திராட்சை, சர்க்கரை சேர்க்காத மிட்டாய்களில் இருக்கும் சைலிட்டால் என்ற இனிப்பூட்டி ஆகியவை நாய்க்கு எட்டவே கூடாது. பூனை இருக்கும் வீட்டில் லில்லிப் பூக்கள் வேண்டாம். முடியில் ஒட்டிய மகரந்தத்தை நக்கினாலே சிறுநீரகம் செயலிழக்கும். நஞ்சு தின்றுவிட்டால் உப்புக் கரைசல் புகட்டி வாந்தி எடுக்கவைக்காதீர்கள். உப்பே நஞ்சாகும். தின்றதன் அட்டையையோ உறையையோ கையோடு எடுத்து வாருங்கள்.

பூனை நூலை விழுங்கி, முனை வாயிலோ ஆசனவாயிலோ தொங்கினால் இழுக்காதீர்கள். மறுமுனை நாக்கின் அடியில் சிக்கியிருக்கலாம், ஊசியும் இருக்கலாம். இழுத்தால் குடல் சுருங்கி, நூல் அதை அறுத்துவிடும்.

வெயில் காலத்தில் நாய்க்கு ஆபத்து அதிகம். நமக்கு உடம்பெல்லாம் வியர்க்கும். நாய்க்குப் பாதத்தின் அடியில் மட்டுந்தான். நாக்கைத் தொங்கவிட்டு இரைப்பதே அதன் குளிர்சாதனம். சப்பை மூக்கு இனங்களுக்கு அதுவும் சரியாக வேலை செய்யாது. மூடிய காருக்குள் பத்து நிமிடத்தில் வெப்பம் சுமார் பத்து டிகிரி செல்சியஸ் ஏறிவிடும். “இதோ வந்துடறேன்” என்று விட்டுப்போக அந்த நேரம் போதாது. நடைக்குக் கூட்டிப்போகும் முன் புறங்கையைத் தரையில் ஐந்து விநாடி வையுங்கள். உங்களால் தாங்க முடியாவிட்டால் அதன் பாதத்தாலும் முடியாது. வெப்பத்தில் சுருண்டுவிட்டால் முதலில் நிழலில் கிடத்தி, உடம்பெங்கும் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். அதன் பிறகு வண்டி ஏற்றுங்கள். ஈரத் துண்டைப் போர்த்தி அப்படியே விட்டால் வெப்பம் உள்ளேயே தங்கும். எழுந்து நடந்துவிட்டாலும் மருத்துவரிடம் காட்டியே ஆக வேண்டும். சிறுநீரகமும் ரத்தம் உறையும் தன்மையும் கெடுவது மறுநாள்கூடத் தெரியவரலாம்.

தடுப்பூசியைப் பற்றி ஒரே ஒரு குழப்பத்தைத் தீர்க்கிறேன். “ஒரு ஊசி போட்டாச்சே, அப்புறம் எப்படி பார்வோ வந்துச்சு?” பார்வோ என்பது நாய்க்குட்டிகளுக்குக் கடும் வாந்தியும் வயிற்றுப்போக்கும் தரும் வைரஸ் நோய். தாய்ப்பாலில் வந்த எதிர்ப்புச் சக்தி குட்டியைக் காக்கும், ஆனால் அதே சக்தி தடுப்பூசியையும் செயல்பட விடாது. அது எந்த வாரம் தேயும் என்பது குட்டிக்குக் குட்டி மாறும். அதனால்தான் ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கி, சில வார இடைவெளியில், 16 வார வயதுவரை திரும்பத் திரும்பப் போடுகிறோம். பார்வோ கிருமி மண்ணில் மாதக் கணக்கில் உயிரோடிருக்கும். தொடர் முடியும்வரை குட்டியைப் பொது இடத் தரையில் விடாதீர்கள். வெறிநோய் ஊசி தனி. மூன்று மாத வயதில் முதல் ஊசி, பிறகு தவறாமல் தொடர வேண்டும். வெறிநோயின் அறிகுறி தெரிந்த பிறகு விலங்கையோ மனிதரையோ காப்பாற்றுவது அநேகமாக முடியாது. எந்த நாய் கடித்தாலும், பிராண்டினாலும், காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவுங்கள். அன்றே ஊசிக்குப் போங்கள்.

கருத்தடைக்கு முன் ஒரு முறை குட்டி போட்டால் நல்லது என்பதில் மருத்துவ உண்மை ஏதும் இல்லை. கருத்தடை செய்யாத பெண் நாய், இனச்சேர்க்கைப் பருவம் முடிந்து ஓரிரு மாதத்தில் சோர்ந்து, நிறையத் தண்ணீர் குடித்தால் கர்ப்பப்பையில் சீழ் பிடித்திருக்கலாம். வெளியே கசிவு தெரியாத வகைதான் அதிக ஆபத்து.

சில மாதங்களுக்கு முன் இரவில், பள்ளி மாணவி ஒருத்தி அப்பாவோடு பன்னிரண்டு வயது நாயைக் கூட்டி வந்தாள். நாய் நடந்துதான் வந்தது, வாலும் ஆட்டியது. அப்பாவுக்கு வந்ததே அனாவசியம் என்று தோன்றியிருக்க வேண்டும், தயங்கித் தயங்கி நின்றார். அவள் ஒரு நோட்டைத் திறந்து படித்தாள். “திங்கட்கிழமை தூங்கும்போது மூச்சு 22. செவ்வாய் 24. நேத்து 33. இன்னைக்கு 46, டாக்டர். ரெண்டு தடவை எண்ணிட்டேன்.” எக்ஸ்ரேயில் நுரையீரலில் நீர் கோக்கத் தொடங்கியிருந்தது; இதய நோய். அன்றிரவே ஊசி போட்டு ஆக்சிஜன் வைத்தோம். இப்போது தினமும் மருந்தோடு அந்த நாய் வீட்டில் இருக்கிறது. ஒவ்வொரு முறை வரும்போதும் நோட்டும் கூடவே வருகிறது.