லேசர் அடித்தால் அயனி எங்கிருந்து வருகிறது?

மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரை மூலக்கூறுகளின் தராசு என்பார்கள். ஆனால் மின்னூட்டம் இல்லாத எதையும் இந்தத் தராசில் நிறுக்க முடியாது, மின்புலம் பிடித்து இழுக்க ஏதாவது ஒரு பிடி வேண்டுமே. சின்ன மூலக்கூறு என்றால் சூடாக்கி ஆவியாக்கி, எலக்ட்ரானால் அடித்து அயனியாக்கிவிடலாம், அதாவது மின்னூட்டம் ஏற்றிவிடலாம். புரதம் அப்படி ஆவியாகாது, தோசைக்கல்லில் ஊற்றிய முட்டை போல இறுகி, அப்புறம் கருகும். நேராக லேசர் அடித்தால் துண்டு துண்டாகிவிடும்.

1985-இல் கியோட்டோவில் ஷிமாட்சு நிறுவனத்தின் பொறியாளர் கோய்ச்சி தனாக்கா, நுண்ணிய கோபால்ட் பொடியில் தவறுதலாகக் கிளிசரினைக் கலந்துவிட்டார். கொட்ட மனமில்லாமல் அதன்மேலேயே லேசர் அடித்துப் பார்த்தார், அந்தக் கஞ்சத்தனத்தில் ஆரம்பித்த, பெரிய மூலக்கூறை உடைக்காமல் அயனியாக்கும் வழி 2002-இல் நோபல் பரிசில் பங்கு வாங்கித் தந்தது. ஆனால் இன்று ஆய்வகங்களில் பெரும்பாலும் ஓடுவது ஜெர்மனியின் ஹில்லென்காம்ப், கராஸ் இருவரும் வளர்த்தெடுத்த மால்டி முறை. அவர்களுக்குப் பரிசு இல்லாமல் போனதில் எனக்கு வருத்தம்தான்.

மால்டியில் புரதக் கரைசலோடு மேட்ரிக்ஸ் எனும் சிறிய கரிம அமிலத்தைக் கலந்து உலோகத் தட்டில் படிகமாகும்படி காயவிடுவார்கள். ஒரு புரத மூலக்கூறுக்கு ஆயிரக்கணக்கில் மேட்ரிக்ஸ் மூலக்கூறுகள் இருக்கும். 337 நானோமீட்டர் புற ஊதா லேசர் சில நானோநொடிகள் மின்னும். ஒளியை விழுங்குவது மேட்ரிக்ஸ்தான், அது வெடித்துக் கிளம்பும்போது உள்ளே புதைந்திருந்த புரதத்தையும் உடையாமல் தூக்கிக்கொண்டு போகிறது.

சரி, மின்னூட்டம்? இங்கேதான் கணக்கு இடிக்கிறது. 337 நானோமீட்டர் ஃபோட்டான் ஒன்றின் ஆற்றல் சுமார் 3.7 எலக்ட்ரான் வோல்ட். டைஹைட்ராக்சிபென்சாயிக் அமிலம் போன்ற மேட்ரிக்ஸிலிருந்து ஓர் எலக்ட்ரானைப் பிடுங்க ஏறக்குறைய 8 தேவை. இரண்டு ஃபோட்டான் சேர்ந்தாலும் 7.4 தான், கொஞ்சம் குறைகிறது. ஒரே மூலக்கூறு மூன்றை விழுங்கும் வாய்ப்போ மிகக் குறைவு.

இதற்கு ஒரு பதில், ஆற்றலைக் கூட்டுச் சேர்த்துக்கொள்வது. படிகத்துக்குள் கிளர்ச்சியடைந்த மூலக்கூறுகள் அடுத்தடுத்து நெருக்கமாக இருப்பதால், பக்கத்தில் இருப்பது தன் பங்கைக் கைமாற்றிவிட, வாங்கியது அயனியாகிறது. வெப்பமும் மீதிக் குறையை ஈடுகட்ட உதவுகிறது. இப்படிப் பிறந்த மேட்ரிக்ஸ் அயனிகள் ஆவிப்புகைக்குள் மோதிக்கொள்ளும்போது புரோட்டானைப் புரதத்திடம் கொடுத்துவிடுகின்றன, ஏனென்றால் புரோட்டானைப் பிடித்துவைப்பதில் புரதம் கெட்டி.

கராஸ் குழு தலைகீழாக யோசித்தது. அமிலக் கரைசலில் புரதம் ஏற்கெனவே பல புரோட்டான்களோடுதானே இருக்கிறது, அப்படியே எதிர் அயனிகளோடு (எதிர் மின்னூட்டம் கொண்டவை) படிகத்துக்குள் போயிருக்கலாமே? பிஎச், அதாவது அமிலத்தன்மையை, நிறத்தால் காட்டும் சாயங்களைக் கலந்து பார்த்தார்கள், காய்ந்த படிகத்திலும் கரைசலின் நிறமே இருந்தது. ஆக, லேசர் புதிதாக மின்னூட்டம் கொடுக்கத் தேவையில்லை. படிகம் சிதறும்போது பெரும்பாலானவை எதிர் அயனியோடும் எலக்ட்ரானோடும் சேர்ந்து மின்னூட்டத்தை இழந்துவிடுகின்றன, ஏதோ ஒன்றிரண்டு ஒரேயொரு புரோட்டானோடு தப்பி வருகின்றன. இதற்கு அவர்கள் வைத்த பெயரே ‘அதிர்ஷ்டத்தால் பிழைத்தவை’. மால்டியில் பெரும்பாலும் ஒற்றை மின்னூட்ட அயனிகளே கிடைப்பது ஏன் என்பதற்கு எனக்குத் தெரிந்து இதைவிட எளிய விளக்கம் இல்லை.

எது சரி என்று பல வருடம் சண்டை நடந்தது. 2011-இல் டியூட்டீரியம் (கனமான ஹைட்ரஜன்) ஏற்றிய மேட்ரிக்ஸை வைத்துப் பார்த்தபோது இரண்டு வழியும் நடப்பது தெரிந்தது. மேட்ரிக்ஸ் எது, லேசர் எவ்வளவு பலமாக அடிக்கிறது என்பதைப் பொறுத்துப் பங்கு மாறுகிறது.

எந்த வழியானாலும், கிளம்பும் ஆயிரம் மூலக்கூறில் ஒன்று அயனியானாலே அதிகம். அந்த ஒன்று போதும். 20,000 வோல்ட்டில் முடுக்கினால் 10,000 டால்டன் (ஒரு டால்டன் ஏறக்குறைய ஒரு ஹைட்ரஜன் அணுவின் எடை) புரதம் நொடிக்குச் சுமார் 20 கிலோமீட்டர் வேகத்தில் பறந்து, ஒரு மீட்டர் குழாயை 50 மைக்ரோநொடியில் கடந்துவிடும். அந்த நேரத்தை வைத்துத்தான் எடை போடுகிறார்கள்.