அந்தப் பழைய துண்டைப் போகியில் போடாதீர்கள்

மார்கழி பாதி தாண்டிவிட்டால் சேலத்தில் வீட்டுக்கு வீடு வெள்ளையடிப்பும் பரண் ஒழிப்பும் தொடங்கிவிடும், எனக்குப் போன் வருவதும் அப்போதுதான் கூடும். குழந்தைகள் மனநல ஆலோசகராக இருக்கிறேன், தத்தெடுத்த குடும்பங்கள் பலர் என்னிடம் வருகிறார்கள். குழந்தை வீட்டுக்கு வந்து இரண்டு மூன்று மாதம்தான் ஆகியிருக்கும், முதல் பொங்கல், சொந்தபந்தம் எல்லாம் பார்க்கத் துடிக்கும்.

ஒரு வீட்டில் இரண்டரை வயதுப் பெண் குழந்தை, குழந்தைகள் இல்லத்திலிருந்து வரும்போது ஒரு சாயம் போன துண்டைக் கையில் பிடித்தபடி வந்தாள். போகியன்று, காப்புக் கட்டுகிற நாளில், அப்பாயி நல்ல எண்ணத்தில்தான் அதைப் பழைய பாய்களோடு சேர்த்து நெருப்பில் போட்டுவிட்டார். மூன்று ராத்திரி குழந்தை தூங்கவில்லை. பழைய வாழ்க்கையில் இருந்து அவளிடம் மிஞ்சியிருந்த வாசனை அது ஒன்றுதான். கொண்டுவந்த துணி எவ்வளவு அழுக்காக இருந்தாலும் முதல் சில வாரங்கள் துவைக்கக்கூட அவசரப்படாதீர்கள்.

அப்புறம் காணும் பொங்கலுக்கு ஏற்காடு. இருபது கொண்டை ஊசி வளைவில் வாந்தி வருவதைச் சமாளித்துவிடலாம், ஆனால் பை கட்டுவதைப் பார்த்ததும் குழந்தை கதவோரம் போய் நின்று அழுகிறதே, அதைக் கவனியுங்கள். ஒருநாள் ஒரு வண்டியில் ஏற்றினார்கள், திரும்பிப் போகவே இல்லை, அதுதான் அதன் அனுபவம். முதல் வருடம் மலை ஏறாமல் இருந்தாலே நல்லது, போயே ஆக வேண்டுமென்றால் ராத்திரி தங்காமல் அன்றைக்கே திரும்பிவிடுங்கள். கிளம்பும்போது அதன் தலையணையைக் காட்டி, "இது இங்கேயே இருக்கும் கண்ணு, சாயங்காலம் நாம இங்கதான் வருவோம்" என்று சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.

உறவினர்களிடம் ஒன்று. "யார் கூப்பிட்டாலும் போகுது, எவ்வளவு சமத்து" என்று மகிழாதீர்கள். முறை வைத்து மாறி மாறி வரும் ஆயாக்கள் வளர்த்த குழந்தைக்கு எல்லாப் பெரியவர்களும் ஒன்றுதான், இவர்தான் என் அம்மா, இவர்தான் என் அப்பா என்பதை அது இப்போதுதான் கற்றுக்கொள்கிறது. ஊட்டுவது, குளிப்பாட்டுவது, தூங்க வைப்பது, விழுந்தால் தூக்குவது எல்லாம் முதல் சில மாதங்கள் அந்த இரண்டு பேர் மட்டுமே செய்யட்டும். உங்களிடம் வந்து கை நீட்டினால் அன்பாகப் பேசி, "அம்மாகிட்ட போ சாமி" என்று அனுப்புங்கள். பேத்தி வேண்டுமென்று பத்து வருடம் கோயில் கோயிலாக ஏறி இறங்கிய அப்பாயியிடம் இதைச் சொல்ல எனக்கே தொண்டை அடைக்கும், ஆனாலும் சொல்கிறேன்.

தலையணைக்கு அடியில் முறுக்கு ஒளித்து வைத்தால் திட்ட வேண்டாம், அடுத்த வேளை சாப்பாடு வரும் என்ற நம்பிக்கை வர நாளாகும். எட்டுகிற உயரத்தில் ஒரு டப்பாவில் தின்பண்டம் வையுங்கள்.

வளர்க்க முடியாத குழந்தையைப் பெற்றவர்கள் அரசுத் தொட்டிலில் விட்டுச் செல்லலாம் என்ற தொட்டில் குழந்தைத் திட்டம் 1992இல் தொடங்கியதே நம் சேலத்தில்தான். அப்படிப்பட்ட ஊரில் இன்னும் குழந்தையை வைத்துக்கொண்டே "பெத்தவ யாரு, என்ன சாதி" என்று கேட்கிறார்கள், கோபம் வருகிறது. பேச்சு வராத வயதிலும் பேசுவது புரியும். அந்தக் கதை குழந்தைக்குச் சொந்தம், அம்மா அப்பாதான் அதற்கு முதலில் சொல்ல வேண்டும்.

பண்டிகைக் களைப்பில் ஒரு தாய் என்னிடம் மெதுவாகச் சொன்னார், "எனக்கு இன்னும் பாசம் வரல மேடம்." இது நிறையப் பேருக்கு நடக்கிறது, தப்பில்லை, ஆனால் மறைக்காதீர்கள். தத்தெடுத்த பிறகு இரண்டு வருடம் வரை ஆறு மாதத்துக்கு ஒருமுறை வந்து பார்க்கும் சமூகப் பணியாளரிடம் சொன்னால் குழந்தையைத் திரும்ப வாங்கிக்கொள்வார்களோ என்று பயந்து, எல்லாம் நன்றாக இருக்கிறது என்றே சொல்லி அனுப்புகிறார்கள். அவர் வருவதே இதைக் கேட்கத்தான்.

துண்டு எரிந்த வீட்டில் அந்த அப்பாயியே தன் பழைய நூல் சேலையைக் கிழித்துக் கொடுத்தார். அம்மா அதை இரண்டு ராத்திரி தன் பக்கத்தில் போட்டுப் படுத்து, தன் வாசனை ஏறிய பிறகு குழந்தையிடம் கொடுத்தார். அவள் அதைத் தூக்கி எறிந்தாள், பல நாள் எறிந்தாள். தை முடிவதற்குள் அதைப் பிடித்துக்கொண்டு தூங்க ஆரம்பித்தாள்.