சரியான வேகத்தடை எப்படி இருக்க வேண்டும்?

பள்ளி வாசலில் ஒரு குழந்தை சாலையின் குறுக்கே ஓடுகிறது. ஓட்டுநர் பார்த்து பிரேக்கை மிதிக்க ஒரு விநாடி ஆகும் என்று கொள்வோம். மணிக்கு 30 கி.மீ. வேகத்தில் வரும் கார் அந்த ஒரு விநாடியில் 8 மீட்டர் போகும். காய்ந்த சாலையில் மேலும் 5 மீட்டரில் நின்றுவிடும். ஆக 13 மீட்டர். 50 கி.மீ. வேகத்தில் வந்தாலோ பிரேக்கில் கால் படுவதற்குள்ளேயே கிட்டத்தட்ட 14 மீட்டர் ஓடியிருக்கும். முதல் கார் நின்ற இடத்தை இந்தக் கார் வேகம் துளியும் குறையாமல் கடக்கும். கேமரா அனுப்பும் அபராதம் பிறகுதான் வந்து சேரும். ஒழுங்காகக் கட்டிய வேகத்தடை அந்த இடத்திலேயே வண்டியை மெதுவாக்கும்.

ஆனால் பல தெருக்களில் நாம் காண்பது அரை மீட்டர்கூட அகலமில்லாத செங்குத்து மேடு. அது தப்பான வடிவம். 30 செ.மீ. அகல மேட்டை 40 கி.மீ. வேகத்தில் சக்கரம் தாண்ட ஒரு விநாடியில் முப்பதில் ஒரு பங்குகூட ஆகாது. கார் உடல் தன் ஸ்பிரிங்குகளின் மேல் விநாடிக்கு ஒன்று, ஒன்றரை முறைதான் ஆடக்கூடியது. இவ்வளவு குறுகிய உதையில் சக்கரம் மட்டும் எகிறும், அதிர்ச்சியை சஸ்பென்ஷன் வாங்கிக்கொள்ளும், உட்கார்ந்திருப்பவருக்குப் பெரிதாகத் தெரியாது. இரு சக்கர வண்டிக்காரர்தான் நிலைகுலைந்து விழுவார். வேகமாகப் போகிற காரை விட்டுவிட்டு ஸ்கூட்டரைத் தண்டிக்கும் மேடு அது.

1970களில் பிரிட்டன் ஆய்வாளர்கள் கண்டறிந்த தீர்வு, மேட்டை நீட்டுவது. சாலைப் பொறியாளர்களின் அமைப்பான இந்தியச் சாலைக் காங்கிரஸ் (ஐ.ஆர்.சி.) 1988இல் வெளியிட்ட ஐ.ஆர்.சி. 99 வழிகாட்டியும் அதே அளவைத்தான் தந்தது: வண்டி போகும் திசையில் 3.7 மீட்டர் நீளம், நடுவில் 10 செ.மீ. உயரம், 17 மீட்டர் ஆரமுள்ள வில் வடிவம். 25 கி.மீ. வேகத்தில் இதைக் கடக்க அரை விநாடி ஆகும். கார் உடல் எழுந்து இறங்க அந்த நேரம் போதும் என்பதால் மேட்டை ஓட்டுநர் உடம்பில் உணர்வார். சஸ்பென்ஷனை மறந்து எளிமையாகக் கணக்கிட்டால், உச்சியில் 25 கி.மீ. வேகத்தில் எடை மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவாகக் குறையும். 40இல் முக்கால் பங்கு. 47ஐத் தொட்டால் இருக்கையை விட்டே எழும்ப வேண்டியதுதான்.

கட்டும்போது கண் மதிப்பு உதவாது. ஓரத்திலிருந்து 30 செ.மீ. தள்ளி 3 செ.மீ., 60 செ.மீ. தள்ளி 5.5, 1 மீட்டரில் 8, நடுவில் 10 செ.மீ. உயரம் வரும்படி பலகையில் வில்லை வெட்டி, அதை வைத்துச் சரிபார்க்க வேண்டும். தொடங்கும், முடியும் இரண்டு விளிம்புகளிலும் பழைய தாரைக் கொத்திப் பள்ளம் எடுத்து அதற்குள் கலவையை இறக்க வேண்டும். அப்படிச் செய்யாமல் மேலேயே போட்டால் மெல்லிய விளிம்பு முதல் மழையிலேயே பெயரும். கலவையை ஒரே தடவையில் கொட்டாமல் அடுக்கடுக்காக இறுக்குங்கள். இல்லாவிட்டால் சக்கரத் தடத்தில் அமுங்கி வடிவம் போய்விடும்.

சாலையின் முழு அகலத்துக்கும் மேடு இருக்க வேண்டும். ஓரத்தில் இடம் விட்டால் பைக்குகள் அந்த இடுக்கில் புகுந்து நடப்பவர்கள் மேல் மோதும். மழைநீருக்கு அடியில் குழாய் பதித்தால் போதும். ஒற்றைத் தடையைத் தாண்டியதும் எல்லோரும் மறுபடி வேகமெடுப்பார்கள் என்பதால் 100 முதல் 120 மீட்டருக்கு ஒன்று தேவை. 40 மீட்டர் முன்பே எச்சரிக்கைப் பலகையும், மேட்டின் மேல் கண்ணாடித் துகள் கலந்த பூச்சும் வேண்டும்; இரவில் கண்ணுக்குத் தெரியாத வேகத்தடை தானே விபத்துக்குக் காரணமாகும்.

பேருந்து ஓடும் சாலையில் வில் வடிவத்தைவிட, மேல்பகுதி தட்டையாகவும் இரு பக்கமும் சாய்வாகவும் உள்ள மேடு நல்லது. பள்ளிக்கு எதிரே அதையே நடைபாதை மட்டத்துக்கு உயர்த்திக் குறுக்கே கடக்கும் பாதையாக்கலாம். பிறகு சாலைக்குத் தார் போடும்போது பழைய பரப்பைச் சுரண்டி எடுத்த பின்பே புதிதாகப் போட வேண்டும். சுற்றியுள்ள சாலை 5 செ.மீ. உயர்ந்தால் 10 செ.மீ. மேட்டில் பாதிதான் மிஞ்சும்.