மதகை மூடும் களைக்கொல்லி

போன வாரம் ஒரு வாசகி கேட்டிருந்தார். "தங்கைக்கு எட்டாம் மாதத்திலேயே குழந்தை பிறந்துவிட்டது. குதிகாலில் குத்தி எடுத்த ரத்தத்தில் டைரோசின் அதிகம் என்று ரிப்போர்ட். ஈரல் கெட்டுவிடும் என்று எங்கோ படித்தேன், நிஜமா? மாமியார் ஏதோ தோஷம் என்கிறார்."

முதலில் பயத்தை ஓரமாக வையுங்கள். குறைமாதக் குழந்தைகளுக்கு டைரோசினை உடைக்கும் நொதி ஒன்று முழுசாக வேலைக்கு வந்திருக்காது, அதனால் அளவு ஏறும், பெரும்பாலும் சில வாரங்களில் தானாக இறங்கிவிடும். நீங்கள் படித்த ஈரல் நோய் வேறு, முதல் வகை டைரோசினீமியா. அதைக் கண்டுபிடிக்க டைரோசினைவிட, சக்சினைல் அசிட்டோன் என்ற வேறொரு பொருளைத்தான் தேடுவார்கள். நோயின் பெயரில் இருக்கும் டைரோசினை விட்டுவிட்டு வேறொன்றை ஏன் தேட வேண்டும்? எனக்கு ரொம்பப் பிடித்த கதை அங்கேதான் இருக்கிறது.

பருப்பு, முட்டை, பால் எதைச் சாப்பிட்டாலும் புரதம் அமினோ அமிலங்களாகப் பிரியும், அவற்றில் ஒன்றுதான் டைரோசின். அதில் மிச்சமாவதை உடம்பு ஐந்து படிகளில், படிக்கு ஒரு நொதியாக உடைத்துத் தள்ளும். முதல் வகை டைரோசினீமியாவில் கடைசி நொதி, ஐந்தாவது, மரபிலேயே பழுது. உலகில் சுமார் ஒரு லட்சம் பிறப்புக்கு ஒன்று. கனடாவின் கியூபெக்கில் சாகெனே பகுதியில் மட்டும் ஏறக்குறைய 1,850 பிறப்புக்கு ஒன்று.

இப்போது ஒரு ஏரிப் பாசனத்தை நினைத்துக்கொள்ளுங்கள். கடைமடை வடிகால் அடைத்துக்கொண்டால் தண்ணீர் முதலில் தேங்குவது அந்தக் கடைசி வயலில்தான், ஏரியில் இல்லை. இங்கேயும் அப்படித்தான். ஐந்தாவது படிக்கு முன்னால் தேங்கும் பொருள் ஈரலையும் சிறுநீரகத்தையும் உள்ளிருந்தே அரிக்கிறது, அதில் ஒரு பகுதி சக்சினைல் அசிட்டோனாக மாறி, ரத்தத்துக்குச் சிவப்பு தரும் ஹீம் என்ற பொருளைத் தயாரிக்கும் வேலையையும் கெடுத்து, நரம்பு வலியைக் கொண்டுவருகிறது. டைரோசின் ஏறுவது பக்கவிளைவுதான், ஈரலைக் கெடுப்பது அது இல்லை. 1990 வரை புரதத்தைக் குறைப்பார்கள், முடிந்தால் ஈரல் மாற்று. பல குழந்தைகள் ஒன்றிரண்டு வயதைத் தாண்டவில்லை.

சரி, களைக்கொல்லிக்கு வருவோம். பூங்காக்களில் சிவப்பாக, புட்டி கழுவும் பிரஷ் மாதிரியே பூத்துத் தொங்குமே, பாட்டில் பிரஷ் மரம், அதன் அடியில் களை அதிகம் முளைப்பதில்லை என்பதை 1977-இல் கலிபோர்னியாவில் ஒரு களைக்கொல்லி கம்பெனி விஞ்ஞானி தன் வீட்டுத் தோட்டத்தில் கவனித்தார். அந்தச் செடியிலிருந்து பிரித்த பொருளை வைத்து புதுப்புது களைக்கொல்லிகளைச் செய்து பார்த்தார்கள். தெளித்தால் களை வாடாமல் வெள்ளையாக வெளுத்துப் போனது! டைரோசினை உடைக்கும் இரண்டாவது நொதி செடிகளிலும் உண்டு, ஆனால் செடிக்கு அது வேறு வேலைக்கு: ஒளிச்சேர்க்கைக்கும் வைட்டமின் இ-க்கும் வேண்டிய மூலப்பொருளை அதுதான் தயாரித்துக் கொடுக்கிறது. அதைத் தடுத்தால் இலையைக் காக்கும் மஞ்சள் நிறமிகள் உருவாகாது, அப்புறம் பச்சையத்தை வெயிலே தின்றுவிடும்.

அந்த வரிசையில் வந்த ஒரு பொருள்தான் நிட்டிசினோன். எலிகளுக்குக் கொடுத்தபோது கண்ணின் கார்னியாவில் புண் வந்தது, காரணம் தேடினால் ரத்தத்தில் டைரோசின் எகிறியிருந்தது. களைக்கொல்லி விற்பவருக்கு இது கெட்ட செய்தி. ஸ்வீடனின் கோத்தன்பர்க்கில் இதே நொதியை ஆராய்ந்துகொண்டிருந்த ஸ்வென் லிண்ட்ஸ்டெட்டுக்கோ இதைவிட நல்ல செய்தி இருந்திருக்க முடியாது. கடைமடை அடைப்பை எடுக்க முடியாவிட்டால் மேலே மதகை மூடிவிடலாமே! இரண்டாவது நொதியை நிறுத்திவிட்டால் ஐந்தாவது படிக்கு எதுவும் போய்ச் சேராது, விஷமும் உண்டாகாது. 1991-இல் முதல் குழந்தைக்குக் கொடுத்தார்கள், மறு வருடம் ஐந்து பேரின் முடிவுகள் வெளியாயின, 2002-இல் அமெரிக்க அனுமதி.

மதகை மூடினால் ஏரி நிரம்பத்தானே செய்யும்? மருந்து சாப்பிடும் குழந்தைக்கு டைரோசின் முன்னைவிடவும் ஏறும், சாதாரணமாக லிட்டருக்குச் சுமார் 100 மைக்ரோமோலுக்குள் இருக்க வேண்டியதை 200 முதல் 600 வரை வைத்துக்கொள்வதே சிகிச்சையின் இலக்கு. அதற்கும் மேலே போனால் கண்ணில் படிகம் சேரும் என்பதால் ஏரிக்கு வரும் நீர்வரத்தையும் குறைக்க வேண்டும், அதாவது ஆயுள் முழுக்க புரதக் கட்டுப்பாடு. ரத்த அளவு ஏறுவதையே சிகிச்சையின் விலையாக ஏற்றுக்கொள்ளும் இந்தத் துணிச்சல் எனக்கு இன்னமும் ஆச்சரியம்தான்.

"அரிய நோய்க்கு மருந்து தேட பாட்டில் பிரஷ் அடியில் களை எண்ணப் போகிறேன்" என்று யாராவது விண்ணப்பம் போட்டால் நம் ஊரில் எந்தக் கமிட்டி பணம் தரும்? ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும்: வருடத்துக்கு ஏறக்குறைய 2.2 கோடி ரூபாயாக இருந்த இந்த மருந்து, உள்நாட்டுத் தயாரிப்பால் சுமார் 2.5 லட்சத்துக்கு வந்துவிட்டதாக 2023 நவம்பரில் மத்திய சுகாதார அமைச்சகம் அறிவித்தது. நடுத்தரக் குடும்பத்துக்கு அதுவும் பாரம்தான்.

தங்கை தாய்மாமனைக் கட்டிக்கொண்டவர் என்றும் எழுதியிருந்தீர்கள். அப்பா, அம்மா இருவரிடமிருந்தும் பழுதான மரபணு வந்தால்தான் இந்த நோய் வரும், சொந்தத்துக்குள் கல்யாணம் என்றால் அதற்கு வாய்ப்பு கொஞ்சம் கூடுதல். அதனால் குறைமாதம்தானே காரணம் என்று விட்டுவிடாமல், சக்சினைல் அசிட்டோன் பார்த்தாயிற்றா என்று நாளைக்கே டாக்டரிடம் கேளுங்கள். மாமியாரின் பரிகாரம் ரிசல்ட் வந்த பிறகு ஆகட்டும்.