ஆற்றுப்படுகையின் நீர்க்கணக்கு: மிச்சத்தை நம்புவதற்கு முன்

செயற்கைக்கோள் தரவுகள் இலவசமாகக் கிடைக்கத் தொடங்கிய பிறகு, ஒரு பெரிய ஆற்றுப்படுகையின் (மழைநீர் அந்த ஆற்றில் வந்து சேரும் முழு நிலப்பரப்பின்) நீர்க்கணக்கைப் போடுவது எளிதாகிவிட்டது போலத் தோன்றுகிறது. மழைக்கு ஒரு கோப்பு, நீராவி இழப்புக்கு (நிலத்திலிருந்தும் செடிகொடிகளிலிருந்தும் ஆவியாகும் நீர்) ஒரு கோப்பு, நீரிருப்பு (நிலத்தின் மேலும் அடியிலும் தங்கியிருக்கும் நீர்) மாற்றத்துக்கு ஒரு கோப்பு. கூட்டிக் கழித்து மிச்சம் வருவது ஆற்றோட்டம் என்றோ, நிலத்தடி நீர் இழப்பு என்றோ அறிக்கையில் ஏறிவிடுகிறது. ஆபத்து அங்கேதான். கணக்கில் சேர்த்த அத்தனை தரவுகளின் பிழையும் அந்த மிச்சத்தில்தான் வந்து குவிகிறது.

சமன்பாடு சின்னதுதான்: மழையும் பனியும் = நீராவி இழப்பு + ஆற்றோட்டம் + நீரிருப்பு மாற்றம். எல்லாவற்றையும் படுகைப் பரப்பின் மேல் மில்லிமீட்டராக மாற்றிக்கொள்ளுங்கள். 10 லட்சம் சதுர கிலோமீட்டர் படுகையில் 1 மி.மீ. என்பது 1 கன கிலோமீட்டர் நீர். செயற்கைக்கோள் தரவு அட்சரேகை, தீர்க்கரேகைக் கட்டங்களாக வரும்; சராசரி எடுக்கும்போது ஒவ்வொரு கட்டத்துக்கும் அட்சரேகையின் கொசைன் மதிப்பை எடையாகக் கொடுக்க வேண்டும். 60 டிகிரியில் இருக்கும் கட்டத்தின் பரப்பு, நிலநடுக்கோட்டில் இருப்பதில் பாதிதான்.

பரப்பில் நேரும் தவறு எவ்வளவு பெரிதாகும் என்பதற்கு அமேசானைப் பாருங்கள். அங்கே ஆற்றோட்டத்துக்குப் பெரும்பாலும் எடுத்தாளப்படுவது பிரேசிலில் ஆற்றோரம் உள்ள ஓபிடோஸ் நீரளவீட்டு நிலையத்தின் அளவு. சராசரியாக வினாடிக்குச் சுமார் 1,70,000 கன மீட்டர். அந்த நிலையத்துக்கு மேலே உள்ள பரப்பு ஏறக்குறைய 47 லட்சம் சதுர கிலோமீட்டர். முழுப் படுகையோ சுமார் 60 லட்சம். 47 லட்சத்தால் வகுத்தால் ஆண்டுக்கு 1,140 மி.மீ. வரும். முழுப் படுகையின் எல்லைக்கோட்டை வைத்து வகுத்துவிட்டால் 890 மி.மீ.தான். எந்தச் செயற்கைக்கோளும் செய்யாத 250 மி.மீ. பிழை இது. எல்லைக்கோடு எப்போதும் அளவீட்டு நிலையத்தோடு முடிய வேண்டும்.

மழைக்கு ஐமெர்க் (பல செயற்கைக்கோள்களின் மழை அளவீடுகளைச் சேர்த்து நாசா தரும் தொகுப்பு) தரவு எடுப்பவர்கள் கவனிக்க வேண்டியது, மாதாந்திர மழைமானித் திருத்தம் பெறுவது அதன் இறுதிப் பதிப்பு மட்டுமே. அது வெளிவர மூன்றரை மாதங்கள் போல ஆகும். அண்மை மாதங்களுக்கு, அதற்கு முன்பே விரைவாக வெளிவரும் பதிப்பை எடுத்து இறுதிப் பதிப்போடு ஒட்டினால், ஒட்டிய இடத்தில் ஒரு படி உருவாகும். அதை வறட்சி என்று படிக்கும் அபாயம் இருக்கிறது. மலைச்சரிவு மழையும் பனிப்பொழிவும் எந்தப் பதிப்பிலும் பலவீனமான இடங்கள்.

நீராவி இழப்புக்கு மோடிஸ் என்ற செயற்கைக்கோள் கருவியின் தரவு பரவலாகப் பயன்படுகிறது. எட்டு நாள் மொத்தமாக வரும் கோப்பில் எண்களை 0.1 ஆல் பெருக்க வேண்டும். ஏரி, நகரம், வெற்று நிலம் போன்றவற்றில் மதிப்பு கிடையாது. 32761 முதல் 32767 வரையிலான குறியீட்டு எண்கள் இருக்கும். அவற்றை நீக்காமல் சராசரி எடுத்தால் படுகையே கொதிப்பது போல விடை வரும். அது உடனே கண்ணில் பட்டுவிடும். படாதது வேறொன்று: ஆண்டின் கடைசிக் கோப்பு எட்டு நாளுக்கானது அல்ல, ஐந்து அல்லது ஆறு நாளுக்கானது. அதை எட்டால் வகுத்தால் ஒவ்வொரு டிசம்பரும் குறைந்துபோகும்.

அதிகக் கவனம் கேட்பது நீரிருப்பு. 2002 மார்ச்சில் ஏவப்பட்ட கிரேஸ் இணைக் கோள்கள் சுமார் 220 கி.மீ. இடைவெளியில் ஒன்றன்பின் ஒன்றாகச் சென்றன. அந்த இடைவெளி மைக்ரான் அளவில் மாறுவதை அளந்து, ஈர்ப்பு மாற்றத்தையும் அதன் வழியே நீரின் எடை மாற்றத்தையும் கணித்தார்கள். 2018 மேயில் ஏவப்பட்ட கிரேஸ்-எஃப்ஓ அதைத் தொடர்கிறது. நடுவில் 2017 ஜூலை முதல் 2018 மே வரை தரவு இல்லை. அங்கே நேர்கோடு போட்டு நிரப்பாதீர்கள். ஒரு முழு மழைக்காலம் அதற்குள் தொலைந்துவிடும்.

கிரேஸ் கோப்பில் கட்டங்கள் அரை டிகிரியாகவோ கால் டிகிரியாகவோ இருப்பதைப் பார்த்து ஏமாற வேண்டாம். உள்ளே இருக்கும் உண்மையான தகவல் ஏறக்குறைய 300 கி.மீ. அளவுக்குத்தான். சில ஆயிரம் சதுர கிலோமீட்டர் துணைப்படுகைக்கு அதை வெட்டி எடுத்தால், பக்கத்துப் படுகையின் நீரும் சேர்ந்தே வரும்.

கிரேஸ் தருவது மாதச் சராசரி இருப்பு. சமன்பாட்டுக்குத் தேவையோ மாற்றம். இந்த மாதத்திலிருந்து போன மாதத்தைக் கழிப்பதுதான் பலர் செய்வது. மாத இருப்பில் 15 மி.மீ. பிழை என்று வைத்தால், அப்படிக் கழிக்கையில் அது 21 மி.மீ. ஆகிறது. அடுத்த மாதத்திலிருந்து முந்தைய மாதத்தைக் கழித்து இரண்டால் வகுத்தால் சுமார் 11 மி.மீ.தான். ஆனால் அப்போது மழை, நீராவி இழப்பு, ஆற்றோட்டம் மூன்றையும் அதே போல மழுக்க வேண்டும்: முந்தைய மாதத்துக்குக் கால், இந்த மாதத்துக்கு அரை, அடுத்த மாதத்துக்குக் கால். இதை விட்டுவிட்டால் மழை தொடங்கும் மாதத்தில் கணக்கு மூடவே மூடாது. காரணம் நீரில் இல்லை, நாள்காட்டியில் இருக்கிறது.

இப்போது பிழைகளைச் சேர்ப்போம். மழை 120 மி.மீ., அதில் பிழை 12. நீராவி இழப்பு 70, பிழை 10. ஆற்றோட்டம் 30, பிழை 2. இருப்பு மாற்றத்தின் பிழை 11 என்று கொள்ளுங்கள். வர்க்கங்களைக் கூட்டி மூலம் எடுத்தால் 19 மி.மீ. சமன்பாட்டின் இரு பக்கங்களுக்கும் இடையே மிச்சம் 8 மி.மீ. வந்தால் அதற்குப் பெயர் சூட்டுவது தவறு. 60 மி.மீ. வந்தால் தேட வேண்டும்.

தேடுவதற்குக் கைகொடுப்பது ஆற்றல் கணக்கு. நிலம் பெறும் நிகரக் கதிர்வீச்சு மூன்றாகப் பிரிகிறது: நீரை ஆவியாக்க, காற்றைச் சூடாக்க, மண்ணைச் சூடாக்க. ஒரு கிலோ நீர் ஆவியாக ஏறத்தாழ 2.45 மெகாஜூல் வேண்டும். அதன்படி நாளுக்கு 1 மி.மீ. ஆவியாக்க ஒரு சதுர மீட்டருக்கு 28.4 வாட் செலவாகும். நிகரக் கதிர்வீச்சு 120 வாட் என்றால், அத்தனையும் ஆவியாக்கவே போனாலும் 30 நாளில் 127 மி.மீ.தான். மழையிலிருந்து ஆற்றோட்டத்தையும் இருப்பு மாற்றத்தையும் கழித்து நீராவி இழப்பு 150 மி.மீ. என்று வந்தால், அவ்வளவு ஆற்றல் அங்கே இல்லை. பாசன வயலில் சுற்றியுள்ள வறண்ட நிலத்தின் சூடான காற்று கூடுதல் ஆற்றல் தரலாம். முழுப் பெரும்படுகைக்கும் அது பொருந்தாது. மழைத் தரவு கூடியிருக்கிறதா, ஆற்றோட்டம் குறைந்திருக்கிறதா என்று பாருங்கள்.

கதிர்வீச்சுக்கு செரெஸ் என்ற செயற்கைக்கோள் கருவிகளின் மாதத் தரவு போதும். ஆனால் அதில் நிலமட்டத்து மதிப்புகள் நேரடி அளவீடு அல்ல, மேகம், வளிமண்டலத் தகவல்களிலிருந்து கணித்தவை. அதில் 10 வாட் பிழை இருந்தால் மாதத்துக்கு 10 மி.மீ.க்கு மேல். நிலத்தின் வெப்பநிலையை வைத்து நீராவி இழப்பைக் கணிக்கும் முறைகளில் இன்னொரு சிக்கல்: மேகமில்லாத நாளில்தான் வெப்பப் படம் கிடைக்கும். வெயில் நாள்களை மட்டும் எடுத்து மாதத்துக்குப் பெருக்கினால் விடை கூடும்.

சரிபார்ப்பு உண்மையிலேயே தனித்ததா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். கிளீம் (ஒரு கணினி மாதிரி) போன்ற நீராவி இழப்புத் தரவு மழையையே உள்ளீடாக எடுக்கிறது. மழையில் இருக்கும் பிழை அதற்குள்ளும் போயிருக்கும். இரண்டும் ஒத்துப்போவது சான்று ஆகாது.

பாசனம் மிகுந்த படுகையில், பல ஆண்டுச் சராசரியில் நீராவி இழப்பு மழையை மிஞ்சினால் அதை உடனே பிழை என்று தள்ள வேண்டாம்; நிலத்தடியிலிருந்து இறைத்த நீரும் அதில் ஆவியாகியிருக்கலாம். 2002 ஆகஸ்ட் முதல் 2008 அக்டோபர் வரை வடமேற்கு இந்தியாவில் ஆண்டுக்கு 17.7 கன கிலோமீட்டர் நிலத்தடி நீர் குறைந்ததாக 2009இல் வெளியான கிரேஸ் ஆய்வு கணித்தது. அதன் பிழை வரம்பு 4.5. அளவைப் போல நான்கில் ஒரு பங்குப் பிழையை வெளிப்படையாகச் சொன்ன கணக்கு அது.

சமன்பாட்டை மூடியே ஆக வேண்டும் என்றால், மிச்சத்தை ஒவ்வோர் உறுப்பின் பிழை வர்க்கத்துக்கு ஏற்பப் பிரித்துக் கொடுங்கள். மேலே சொன்ன எடுத்துக்காட்டில் மழைக்கும் இருப்பு மாற்றத்துக்கும் பெரும்பங்கு போகும், ஆற்றோட்டம் ஏறக்குறைய அசையாது. மூடுவதற்கு முந்தைய மிச்சத்தையும் அதே அட்டவணையில், பக்கத்து நிரலில் வெளியிடுங்கள்.